ஒருவன்தானே உயர்ந்தான்

ஜனவரி 8

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். நீ, மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் சுகம் என்று நம்பித் தொடங்குகிறேன். நல்லதை நம்பித் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

போன வாரம் அச்சகத்து முதலாளி வந்திருந்தார். "ஐயா, பல்பொடிப் பொட்டலத்துல நீங்க போடுற துண்டுத் தாளையே ஜனங்க சேத்து வச்சுப் படிக்கிறாங்க. உங்க வாழ்க்கையவே எழுதுனா சும்மா விடுவாங்களா?" என்றார். நானும் யோசித்தேன். ஒன்றுமில்லாமல் தொடங்கியவன் எப்படி இந்த நிலைக்கு வந்தான் என்று தெரிந்தால், இருட்டில் நிற்கிற எத்தனையோ பேருக்கு அது விளக்காகும். எழுத உட்கார்ந்துவிட்டேன். மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா.

சிக்கல் என்னவென்றால், ஆரம்ப நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. முன்னே பார்த்தே நடந்து பழகியவனுக்குப் பின்னால் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். (இந்த வாக்கியம் நன்றாக இருக்கிறது, இல்லையா? அடுத்த மாதத் தாளில் போடலாம் என்றிருக்கிறேன்.) நாம் முதலில் இருந்த அறை எப்படி இருந்தது? பொட்டலத்தில் தாள் வைக்கிற யோசனை எப்படி வந்தது? நினைவிருப்பதை எழுது. சுருக்கமாக எழுது.

இன்னொன்று. விழாவுக்கு நீ வர வேண்டும். வந்தால் திரும்பிப் போக வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கென்று விற்பனை அலுவலகம் திறக்க இங்கே வந்தேன், பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. பொடிக் கொட்டகையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ள மாட்டாரா?

முயற்சியுடன்,
உன் கணவன்


ஜனவரி 17

வீட்டில் இல்லாத வீட்டுக்காரருக்கு,

கடிதம் வந்தது. எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில், "பல்பொடிக்காரர் பேத்திக்கே பல்லு இல்ல, அப்ப நாங்க எதுக்கு அந்தப் பொடிய வாங்கணும்?" என்று கேலி செய்தார்களாம். இவள் சும்மா வருவாளா? "எங்க தாத்தா பொடி புதுப் பல்லுக்குத்தான். பழசு விழுந்தாத்தான புதுசு வரும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். உங்கள் ரத்தம், எங்கே போகும்?

சுருக்கமாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். சுருக்கமாக வாழ்ந்திருந்தால் சுருக்கமாக எழுத வரும்.

அந்த அறை சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. படி செங்குத்து. ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பொடி பறக்கும், மூடினால் நமக்கு மூச்சு முட்டும். மூடித்தான் வைத்தோம். சுண்ணக்கட்டியை நான் இடிப்பேன். உப்பு, கிராம்பு, கர்ப்பூரம் எல்லாம் அளந்து நீங்கள் கலப்பீர்கள். தலை, புருவம், கண்ணிமை எல்லாம் வெள்ளை வெளேரென்று இறங்கி வருவோம். சைக்கிள் கடைக்காரர், "கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள கிழவன் கிழவி ஆயிட்டீங்களே" என்று சிரிப்பார். இப்போது நம்மைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

தாள் வந்த கதை இதுதான். ஈரக் காற்றில் பொட்டலம் தொய்ந்துபோகும். "என்னம்மா, பொட்டலம் படுத்துக்கிச்சு" என்று கடைக்காரர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் ஒரு தடித் தாளை வெட்டி, முதுகெலும்பு மாதிரி, நடுவில் செருகிவைத்தேன். வாங்கின ஒருவர், "இந்த வெத்துத் தாள் எதுக்கு?" என்று சண்டைக்கு வந்தார். நான் திருதிருவென்று விழித்தேன். நீங்கள்தான் கொஞ்சமும் அசராமல், "நாளைக்கு வாங்கிப் பாருங்க, தெரியும்" என்றீர்கள். அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் "இன்றே தொடங்கு" என்று எழுதினீர்கள். அந்த வாய்ச் சாமர்த்தியம் யாருக்கு வரும்? தாள் என்னுடையது, எழுத்து உங்களுடையது. அதில் எனக்குச் சண்டையே இல்லை.

அப்புறம் அந்த மழைக்காலம். அனுப்பின சரக்கெல்லாம் கட்டிகட்டியாகித் திரும்பி வந்ததே, அதுதான். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். ஒரு மாதம். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டியை மறுபடியும் இடித்து, கலந்து, தெருத் தெருவாகப் போய் விற்றேன். ஒரு நாள் உப்பு அதிகமாகிவிட்டது. நீங்கள் பல் விளக்க வாயில் வைத்தவர், "எவன் கலந்தான் இத?" என்று கத்திக்கொண்டு எழுந்து வந்தீர்கள். அன்று எழுந்தவர்தான், அப்புறம் உட்காரவே இல்லை. உப்பை நான் வேண்டுமென்றே அள்ளிப் போட்டேனா என்று நீங்கள் அப்போதும் கேட்கவில்லை. இப்போதும் நான் சொல்லப்போவதில்லை.

விழாவுக்கு வருகிறேன். மாடி அறை விஷயம் புத்தகத்தைப் பார்த்த பிறகு. நான் பிகு பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து ஆளின் பையில் நம் பொட்டலத்தைப் பார்த்தால், "அது எங்க வீட்டுக்காரர் பொடி" என்று சொல்லாமல் நான் இறங்கினதே கிடையாது.

வீட்டோடு இருக்கும்
உங்கள் மனைவி


பிப்ரவரி 20

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

முதல் அத்தியாயம் அச்சாகிவிட்டது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புத்தகத்தின் பெயர் "ஒருவன் தானே உயர்ந்தான்". அதாவது, பிறர் கை படாமல், தன் முயற்சி ஒன்றாலேயே. எப்படி இருக்கிறது?

நீ எழுதியது மிகவும் உதவியது. சைக்கிள் கடை, படி, ஜன்னல் எல்லாம் அப்படியே வந்திருக்கிறது. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் தட்டிக் கொட்டியிருக்கிறேன். "அந்த அறையில் தன்னந்தனியாக, தூசி ஒன்றே துணையாக அவன் இடித்தான்" என்று வைத்திருக்கிறேன். வருத்தப்படாதே. அச்சகத்து முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "ஐயா, ஒருத்தன் எழுந்தான்னாத்தான் அது கதை. ரெண்டு பேர் எழுந்தா அது குடும்பம். குடும்பத்த யாரு காசு குடுத்து வாங்கிப் படிப்பா?" என்கிறார். படுத்துக்கிடந்த மாதத்தையும் விட்டுவிட்டேன். எழுந்திரு என்று எழுதுகிறவன் படுத்துக்கிடந்தான் என்றால், எழுந்து நிற்கிறவனும் போய்ப் படுத்துவிடுவான்.

நாற்பதாம் பக்கத்தில் வரப்போகிற வாக்கியத்தை மட்டும் சொல்கிறேன்: "புறப்பட்டவன் திரும்பினால் தோற்றவன். துணை தேடுகிறவன் துணையாகவே முடிந்துபோவான்." அச்சுக் கோர்க்கிறவரே இரண்டு தடவை படித்தாராம்.

உன்னை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. புத்தகமே உனக்குத்தான் சமர்ப்பணம். "என் வழியில் என்றும் குறுக்கே நிற்காத என் மனைவிக்கு." மேடையில் என் பக்கத்து நாற்காலி உன்னுடையது.

முயற்சியுடன்,
உன் கணவன்


மார்ச் 1

குறுக்கே நிற்காதவள் எழுதிக்கொள்வது.

அத்தியாயத்தை மகள் கொட்டகையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். சலிக்கிறவர்கள், பொட்டலம் கட்டுகிறவர்கள் எல்லாம் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் "தன்னந்தனியாக" என்ற வரி வந்தது. சல்லடைக்காரியைத்தான் உங்களுக்குத் தெரியுமே, அவள் வாயும் ஒரு சல்லடை, ஒன்றும் தங்காது.

"ஏன்க்கா, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள்.

"அங்கதான்டி இருந்தேன்."

"அப்ப ஐயாவுக்கு ஏன் தெரியல?"

"பொடி கண்ணுல விழுந்திருக்கும்" என்றாள் பொட்டலம் கட்டுகிற பெரியம்மா, தலையை நிமிர்த்தாமலேயே.

கொட்டகையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது? மகள்தான் சிரிக்கவில்லை. "நான் உங்க இடுப்புல இருந்தேன்னு சொல்வீங்களேம்மா, அப்ப நானும் இல்லையா இதுல?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

துணை தேடுகிறவன் துணையாகவே முடிந்துபோவான் என்கிறீர்கள். துணையாக முடிந்துபோவது அவ்வளவு கேவலமா? நான் அப்படித்தானே முடியப்போகிறேன்? அது எனக்கு இத்தனை நாள் கேவலமாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதினதைப் படித்த பிறகு கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வளவளவென்று இழுக்காமல் கேட்டுவிடுகிறேன். எனக்குப் புகழ் வேண்டாம். சமர்ப்பணமும் வேண்டாம், அதை உங்கள் அச்சகத்து முதலாளிக்கே செய்துவிடுங்கள். அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள் என்று ஒரே ஒரு வரி போடுங்கள். போட்டால் விழாவுக்கு வருகிறேன். மாடி அறைக்கும் வருகிறேன், கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கிறேன். போடாவிட்டால், அறையில் இல்லாதவளுக்கு மேடையில் எதற்கு நாற்காலி?

இப்படிக்கு,
தூசி


மார்ச் 28

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நீ கேட்பது ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்காக நான்கு அத்தியாயம் மாற்ற வேண்டும். அடியில் ஒரு செங்கல்லை உருவினால் சுவரே வந்துவிடும். இரண்டாம் பதிப்பில் பார்க்கலாம். உறுதியாகப் பார்க்கலாம்.

இப்போது தலையில் வேறு இடி. புத்தகம் அட்டை கட்டி வந்துவிட்டது. அட்டையில் "ஒருவன்" தனியாக, "தானே" தனியாக இருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். "ஒருவன்தானே உயர்ந்தான்!" தன் முயற்சியால் உயர்ந்தான் என்ற பொருள் எங்கோ போய்விட்டது. ஒரே ஒருத்தன்தானே உயர்ந்தான், மற்றவர்கள் கதி என்ன என்று யாரோ மூக்கைச் சிந்துகிற மாதிரி இருக்கிறது. அச்சகத்து முதலாளியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ஒரு இடைவெளிதானே ஐயா" என்கிறார். அவர் வாயிலும் அதே 'தானே'!

விழாவுக்குக் காத்திராமல் எல்லாப் பிரதியும் கடைகளுக்குப் போய்விட்டது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தேற்றிக்கொள்கிறேன். உனக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். நாற்காலி அப்படியே இருக்கிறது. வா.

முயற்சியுடன்,
உன் கணவன்


ஏப்ரல் 12

வீட்டுக்காரருக்கு,

இது கோபத்தில் எழுதுகிற கடிதம் இல்லை. நிதானமாகப் படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை கொட்டகைக்கு ஒரு பெண் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண் குழந்தைகள். கக்கத்தில் உங்கள் புத்தகம். நான் புத்தகத்தைப் பார்த்ததும் கையெழுத்து வாங்கத்தான் வந்திருக்கிறாள், நீங்கள் ஊரில் இருப்பதாக நினைத்துவிட்டாள் போல என்று எண்ணிக்கொண்டு, சிரித்த முகமாகப் போனேன்.

"வேலை ஏதாச்சும் இருக்குங்களாம்மா?" என்றாள்.

"என்ன வேலை தெரியும்?"

"எதுன்னாலும் கத்துக்குவேங்க."

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"மரக்கடையில எடை போட்டுக்கிட்டிருந்தாரு. இப்ப உயர்றதுக்குப் போயிருக்காருங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை.

"உயர்றதுக்கா?"

"ஆமாங்க. உங்க பொட்டலத் தாளெல்லாம் சுவத்துல வரிசையா ஒட்டி வச்சிருப்பாரு. பொடி தீரலன்னாலும் தாளுக்காகவே அடுத்தது வாங்குவாரு. வீட்டுல பொடி கொட்டிக் கிடக்கும், நான்தான் அதப் போட்டுப் பாத்திரம் விளக்குவேன். இந்தப் புத்தகம் வந்துச்சுங்க. வாங்கிப் படிச்சுட்டு நாலஞ்சு நாள் யாருகிட்டயும் பேசல. அப்புறம் 'துணையோட கிடந்தா துணையாவே முடிஞ்சிருவேன்'னு சொல்லிட்டுப் பெட்டியத் தூக்கிக்கிட்டாரு. சண்டை இல்ல, சத்தம் இல்ல. குடிக்கிற ஆளும் இல்லீங்க. நல்ல மனுஷன். அதான் பயமா இருக்கு. கெட்டவன்னா காசு தீந்ததும் வந்துருவான்."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, அட்டையை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஒருவன்தானே உயர்ந்தான்... ஐயாவே எவ்வளவு வருத்தப்பட்டு எழுதியிருக்காரு, பாருங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கஷ்டப்பட்டோம், ஒருத்தன்தானே உயர்ந்தான்னு. அட்டையிலயே சொல்லிட்டாரே! அப்புறம் இவரு உள்ள என்னத்தப் படிச்சாருன்னுதான் எனக்குப் புரியல."

அது அச்சுப் பிழை என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

மறுநாளே வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். தாள் செருகுகிற இடத்தில் உட்காரவைக்கவில்லை. பொட்டலம் கட்டுகிறாள். கெட்டிக்காரி, கை சுறுசுறுப்பு.

என் வரி கிடக்கட்டும். அதை நான் இனிக் கேட்கவில்லை. அந்த மனிதர் உங்களைத் தேடித்தான் அங்கே வந்திருப்பார். ஒல்லியாக இருப்பாராம், இடது காதுக்குக் கீழே ஒரு வெட்டுத் தழும்பு. கண்ணில் பட்டால் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 18

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

ஒரு புத்தகம் ஒருவனை வீட்டைவிட்டுப் போகச் சொல்லுமா? போக வேண்டும் என்று முடிவு செய்தவன் கையில் எது இருந்தாலும் அதைக் காரணம் காட்டுவான். குடை செய்கிறவன் மழைக்குப் பொறுப்பா? எத்தனை ஆயிரம் பேர் படிக்கிறார்கள், அத்தனை பேருமா பெட்டியைத் தூக்கினார்கள்?

அந்தப் பெண்ணுக்கு வேலை கொடுத்தது நல்லது. அப்படி யாரும் இங்கே வரவில்லை. வந்தால் பார்க்கலாம். விழா வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நீ வருகிறாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

முயற்சியுடன்,
உன் கணவன்


ஏப்ரல் 24

வீட்டுக்காரருக்கு,

வரவில்லை.

குடை செய்கிறவர் மழைக்குப் பொறுப்பில்லைதான். ஆனால் வாசலில் ஒருத்தி நனைந்துகொண்டு நின்றால் ஒரு குடையை எடுத்து நீட்டுவார். பொறுப்பு யாருடையது என்று பேசிக்கொண்டு நிற்க மாட்டார்.

அந்தப் பெண்ணின் சின்ன மகள் தினமும் சாயங்காலம் கொட்டகை வாசலில் நின்று, "அப்பா உயந்துட்டாரா?" என்று கேட்கிறாள். எவ்வளவு உயரம் என்று கையைத் தலைக்கு மேலே தூக்கி, எட்டாமல் எம்பி எம்பிக் காட்டுகிறாள். நம் பேத்தி பெரிய மனுஷி மாதிரி அவளைத் தேற்றுகிறாள்: "எங்க தாத்தா ரொம்ப வருஷமா உயந்துக்கிட்டே இருக்காரு. அதெல்லாம் லேசுல முடியாது."

விழா நன்றாக நடக்கட்டும். நிறையப் பேசினால் உங்களுக்குத் தொண்டை கட்டும். வெந்நீர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி


மே 8

அன்புள்ளவளுக்கு,

விழா நடந்தது. நல்ல கூட்டம். என் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. காலியாக இருக்கிறதே என்று யாரோ தன் குடையையும் தொப்பியையும் அதில் வைத்துவிட்டுப் போனார்.

எழுதிவைத்த பேச்சைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எழுந்தேன். அந்தக் குடையையும் தொப்பியையும் பார்த்தேன். பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். "அந்த அறையில் இரண்டு பேர் இருந்தோம்" என்றேன். "அவள் இடித்தாள், நான் கலந்தேன். ஒரு மழைக்காலத்தில் நான் ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். அவள் குழந்தையோடு தெருவில் நின்று விற்றாள். புத்தகத்தில் இருப்பது பொய்" என்றேன்.

கூட்டம் எழுந்து போய்விடும் என்றுதான் நினைத்தேன். எழுந்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். "என்ன அடக்கம் பாத்தீங்களா! எல்லாத்தையும் தானே செஞ்சுட்டு, பேரை அம்மாவுக்குக் குடுக்கிறாரு!" என்று முன் வரிசையில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். அச்சகத்து முதலாளி என் காதருகே வந்து, "பிரமாதம் ஐயா! ரெண்டாம் பதிப்புல 'அடக்கம்'னு ஒரு அத்தியாயம் சேத்துருவோம்" என்றார். வாழ்க்கையில் ஒரு தடவை மேடையில் உண்மையைச் சொன்னேன். அதையும் என் கணக்கிலேயே வரவு வைத்துவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் நின்றார். ஒல்லி. இடது காதுக்குக் கீழே தழும்பு. என் அலுவலகத்துக்கு எதிரே உள்ள கிடங்கில் மூட்டை தூக்குகிறாராம். ஒரு மாதமாக நான் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உயர்ந்த பிறகுதான் என் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று வைராக்கியமாம். வீட்டுக்கு அழைத்துவந்தேன். மாடி அறையில் உட்காரவைத்து, "வீட்டுக்குப் போங்க, தம்பி" என்றேன்.

"நாப்பதாம் பக்கம், ஐயா" என்றார்.

"அத நான்தான் எழுதினேன். நானே சொல்றேன், அது தப்பு."

அவர் சிரித்தார். "சோதிக்கிறீங்க. அறுபத்திரண்டாம் பக்கத்துல சொல்லியிருக்கீங்களே, வேண்டப்பட்டவங்களே வந்து தடுப்பாங்க, அசையாதேன்னு."

நான் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறார். அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தை நான் அவ்வளவு நன்றாகவா எழுதித் தொலைத்தேன்? கடைசியில் அவருடைய சின்ன மகள் எம்பி எம்பிக் கையைத் தூக்கிக் காட்டுகிறாள் என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். அதற்கு மட்டும் அவரிடம் பக்கம் இல்லை. குனிந்துகொண்டார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்டார். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஐயா, நீங்க திரும்பிப் போனீங்களா?"

இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். பதினான்காம் தேதி ரயில். அவரை மட்டும் ஏற்றிவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார். நான் ஏறினால் ஏறுகிறேன் என்கிறார். அலுவலகத்தை மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். இரண்டாம் பதிப்பு கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். அச்சகத்து முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அவரைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் வந்தால் என் வெட்கம் கொஞ்சம் மறையும் என்று முதலில் நினைத்தேன். உன்னிடம் சாக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அவர் வராவிட்டாலும் நான் வருவேன். உள்ளே விடுவாயா?

உன் கணவன்


மே 11

உங்களுக்கு,

கடிதத்தை மகளிடம் கொடுக்கவில்லை. கொட்டகையிலும் வாசிக்கவில்லை. நானே படித்தேன், இரண்டு தடவை.

அந்தப் பெண்ணிடம் மட்டும் சொன்னேன். அவள் கட்டுவதை நிறுத்தாமல், "வரட்டுங்க. வந்து என்ன சொல்றாருன்னு பாக்கலாம்" என்றாள். அன்று அவள் கட்டின பொட்டலம் ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினோம். ஸ்டேஷனுக்கு வர மாட்டாளாம். "போனவரு வீட்டு வாசல்ல வந்து நின்னு கூப்பிடட்டும்" என்கிறாள். அவள் சொல்வது நியாயம். நானும் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வழி உங்களுக்குத் தெரியும்.

மேடையில் சொன்னதை யாரும் நம்பவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஊர் நம்பி நமக்கு என்ன ஆக வேண்டும்? கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்று. இரண்டு நாள் விருந்தாளி மாதிரி இந்தத் தடவை வர முடியாது. கொட்டகையில் நுழைந்தால் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள், கையில் வேலை இருக்கும். சல்லடைக்காரி என்னவாவது சொல்வாள். முதல் வாரம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டாம் வாரம் பதில் சொல்லலாம். கிராம்பு இடிக்கிறவர் மகன் வீட்டோடு போய்விட்டார், அந்த இடம் காலியாக இருக்கிறது. கையில் கொப்புளம் வரும். எண்ணெய் தடவிக்கொண்டால் சரியாகிவிடும்.

உள்ளே விடுவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். போன மழையில் வாசல் கதவு உப்பிப்போய்ச் சாத்தவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் மக்கர் பண்ணியது. மாப்பிள்ளை தச்சரைக் கூப்பிட்டு மாற்றிவிட்டார். இப்போது அது வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. உங்களுக்குத் தள்ளித்தான் பழக்கம். தள்ளிப் பார்த்துவிட்டு, திறக்கவில்லை, பூட்டிவிட்டாள் என்று வாசலிலேயே நிற்காதீர்கள்.

இழுங்கள்.

உங்கள் மனைவி